பூச்சியின் எச்சில்: ஜி.எச்.-ல் தொடங்கிய ஒரு நூற்றாண்டுக் கதை

1/ சொம்புல வாய் வைக்காம அண்ணாந்து தண்ணி குடிக்கிற ஊர் நம்ம ஊர். ஒருத்தர் எச்சில் பட்ட டம்ளரை இன்னொருத்தர் தொட யோசிப்போம். ஆனா நேத்து சாயந்திரம் வாசல்ல நின்னு பத்து நிமிஷம் போன் பேசினீங்களே, அப்போ கடிச்ச ஒவ்வொரு கொசுவும் தன் எச்சிலை உங்க தோலுக்குள்ள விட்டுட்டுத்தான் போச்சு. இந்த இழை அந்த எச்சிலைப் பத்தி. கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

2/ மழைக்காலத்துல நூம்பல் பக்கம் கிளினிக்குக்கு வர்ற அம்மாக்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "ஒரே ஒரு கொசு கடிச்சாக் கூட வந்துடுமா டாக்டர்?" வரலாம். ஏன் வரலாம்ங்கிறதுக்குப் பதில் பாதி கிருமியில இருக்கு, பாதி அதைச் சுமந்து வர்ற பூச்சியோட எச்சில்ல இருக்கு. அந்த ரெண்டாவது பாதியை மருத்துவ உலகம் புரிஞ்சுக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

3/ அந்தக் கதையில நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. வேலப்பன்சாவடியில பூந்தமல்லி நெடுஞ்சாலையில ஏறி கிழக்கே போய்க்கிட்டே இருந்தா கடைசியில சென்ட்ரல் ஸ்டேஷன் வரும். எதிர்ல ஜி.எச். இன்னைக்கு அதோட பேர் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. 1903-ல அங்க ஒரு சிறுவனோட மண்ணீரல்ல ஊசி போட்டு எடுத்த ஒரு சொட்டு ரத்தம் உலக மருத்துவ வரலாற்றுல இடம்பிடிச்சது.

4/ அங்க போறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பாடம். ஒரு பூச்சிக்கு ரத்தம் குடிக்கிறது சுலபமான வேலை இல்லை. தோல்ல காயம் பட்ட உடனே நம்ம உடம்பு மூணு வேலை பண்ணும். ரத்தக்குழாய் சுருங்கும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அப்புறம் ரத்தம் உறையும். கடிச்ச பூச்சிக்குச் சாப்பாடு பாதியிலயே நின்னு போயிடும்.

5/ அதனால பூச்சி தன் எச்சில்ல மாத்து மருந்து வெச்சிருக்கு. குழாயை விரிக்க ஒண்ணு, தட்டணுக்கள் ஒட்டாம இருக்க ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. மாரடைப்பு வந்தவங்களுக்கு நாங்க பல மாத்திரையும் ஊசியுமா எழுதித் தர்ற வேலையை, ஒரு பூச்சி ஒரு துளியில பல்லாயிரம் பங்குல ஒரு பங்கு எச்சில்ல முடிச்சிடுது. கடிச்ச இடம் தடிச்சு அரிக்கிறது கூட அந்த எச்சிலுக்கு எதிரா நம்ம உடம்பு காட்டுற கோபம்தான்.

6/ இதுல நோய் எங்க வருது? எச்சில் பூச்சியோட வயித்துப்பாட்டுக்கு உண்டானது. அதுக்கு நம்ம மேல எந்தப் பகையும் கிடையாது. ஆனா அதே பூச்சிக்குள்ள ஒரு ஒட்டுண்ணி உட்கார்ந்திருந்தா, எச்சில் நம்ம தோல்ல உண்டாக்கி வைக்கிற குழப்பத்தை அது தனக்குச் சாதகமாப் பயன்படுத்திக்கும். யாரோ பூட்டை உடைச்சு வெச்ச வீட்டுக்குள்ள இன்னொருத்தன் நுழையிற மாதிரி.

7/ எச்சிலுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு முதல்ல காட்டினவர் ரொனால்டு ராஸ். 1881-ல இந்திய மருத்துவப் பணியில சேர்ந்து மதராஸ் பிரிவுக்கு வந்தவர். 1897-ல செகந்திராபாத்ல கொசுவோட வயித்துல மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்தார். 1898-ல கல்கத்தாவுல பறவை மலேரியாவை வெச்சு, ஒட்டுண்ணி கொசுவோட எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேருறதையும் கண்டார். கடி வழியாத்தான் நோய் போகுதுன்னு உறுதியாச்சு.

8/ பெரிய கண்டுபிடிப்பு. ஆனா அதோட சேர்ந்து ஒரு படமும் எல்லார் மனசுலயும் பதிஞ்சுபோச்சு. பூச்சின்னா பறக்கிற ஊசி. ஒட்டுண்ணி உள்ள இருக்கிற மருந்து. எச்சில் வெறும் தண்ணி. இந்தப் படம் ரொம்ப வருஷம் அசையவே இல்லை. அது எவ்வளவு தூரம் நம்மளை வழிதவற வெச்சதுங்கிறதுக்கு சாட்சி கலா அசார் நோயோட கதை.

9/ கலா அசார்னா கருநோய். மாசக்கணக்குல விட்டு விட்டுக் காய்ச்சல். மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால தள்ளும், கை கால் குச்சியாகும், ரத்தம் குறையும், பலருக்குத் தோல் கருக்கும். வைத்தியம் பார்க்காம விட்டா பெரும்பாலும் மரணம்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில அசாம்ல கிராமம் கிராமமா ஆட்களைக் கொண்டுபோன நோய். அன்னைக்கு நிறைய டாக்டர்கள் இது முத்திப்போன மலேரியான்னுதான் நினைச்சாங்க.

10/ மதராஸ்லயும் இது இருந்தது, குறிப்பா ஜார்ஜ் டவுன் பகுதியில. ஜி.எச்.-ல அப்போ வேலை பார்த்த மருத்துவர் சார்லஸ் டோனவன், மதராஸ் மருத்துவக் கல்லூரியில உடலியங்கியல் பேராசிரியரும் கூட. கல்கத்தாவுல பிறந்த ஐரிஷ்காரர். மலேரியான்னு எழுதப்பட்டு இறந்துபோனவங்களோட மண்ணீரலை 1903 ஏப்ரல்ல மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ, மலேரியா ஒட்டுண்ணி இல்லாம வேற ஏதோ சின்னச் சின்ன முட்டை வடிவப் பொருட்கள் தெரிஞ்சது.

11/ இறந்த உடம்புல பார்த்ததால, இறந்தபிறகு வந்த மாற்றமா இருக்குமோன்னு சந்தேகம். அந்தச் சமயத்துல வில்லியம் லீஷ்மன்ங்கிற ராணுவ டாக்டரோட கட்டுரை 1903 மே 30-ல வெளியாச்சு. கல்கத்தா பக்கத்துல டம்டம்ல இருந்து நோயோட திரும்பி, இங்கிலாந்துல நெட்லி மருத்துவமனையில இறந்த ஒரு சிப்பாயோட மண்ணீரல்ல அவரும் இதையே பார்த்திருந்தார். செத்துச் சிதைஞ்ச டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியா இருக்கும்னு அவர் கருதினார்.

12/ 1903 ஜூன் 17. விட்டு விட்டுக் காய்ச்சல்ல கிடந்த 12 வயசுப் பையன் ஒருத்தனோட மண்ணீரல்ல இருந்து டோனவன் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். அதே பொருட்கள், உயிரோட இருக்கிற நோயாளியில! ஆக இது சிதைவு இல்லை, நோயை உண்டாக்குற ஒட்டுண்ணியே இதுதான். ஜூலை 11-ல அவரோட குறிப்பு வெளியாச்சு. ஸ்லைடுகள் ராஸுக்கும் பாரிஸ்ல லாவெரானுக்கும் போச்சு.

13/ யாருக்குப் பெருமைன்னு ஒரு சின்ன இழுபறி. கடைசியில ராஸ் ரெண்டு பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானின்னு பேர் வெச்சார். இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் எல்.டி. பாடின்னு படிக்கிறாங்க. எல்-க்கு லீஷ்மன், டி-க்கு டோனவன். மண்ணீரலைக் கொடுத்த அந்தப் 12 வயசுப் பையன் அந்தப் பேர்ல எங்கயும் இல்லை. ஜி.எச். பக்கம் போகும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

14/ ஒட்டுண்ணி கிடைச்சாச்சு. அடுத்த கேள்வி: ஒரு உடம்புல இருந்து இன்னொரு உடம்புக்கு எப்படிப் போகுது? ஒரே வீட்டுல அடுத்தடுத்து ஆளுக்கு வருது. ரத்தம் குடிக்கிற பூச்சிதான்னு எல்லாருக்கும் தோணிச்சு. எந்தப் பூச்சி? வீட்டுக்குள்ள, படுக்கையிலயே இருக்கிறது எது? மூட்டைப்பூச்சி!

15/ இங்கயும் மதராஸ் வருது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், கொரோனா காலத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுபோன அதே கிங் இன்ஸ்டிடியூட். அங்க வேலை பார்த்த டபிள்யூ. எஸ். பேட்டன், நோயாளிகளோட ரத்தத்தை மூட்டைப்பூச்சிக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். அதோட குடல்ல ஒட்டுண்ணி உருமாறி வால் முளைச்சு நீந்துறதைக் கண்டு 1907-ல எழுதினார். பூச்சி கிடைச்சாச்சுன்னு பலர் நம்பினாங்க.

16/ டோனவனுக்கு அதுல சம்மதம் இல்லை. அவர் கோனோரைனஸ்னு வேற ஒரு ரத்தம் குடிக்கிற நாவாய்ப்பூச்சியைச் சந்தேகப்பட்டார். 1909-ல நாயையும் அந்தப் பூச்சியையும் சேர்த்து மதராஸ் கலா அசார் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். இவர் சாதாரண ஆள் இல்லை, பின்னாளில் அயர்லாந்தோட வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளுக்குப் பட்டியல் போட்ட பூச்சிப் பிரியர். பூச்சி தெரிஞ்ச ரெண்டு பேரும் தப்பான பூச்சியைப் பிடிச்சிருந்தாங்க.

17/ பேட்டன் பார்த்தது பொய் இல்லை. மூட்டைப்பூச்சி குடல்ல ஒட்டுண்ணி மாறுறது உண்மை. ஆனா குடல்ல வளர்றது வேற, கடி மூலமா அடுத்தவங்களுக்கு நோய் கொடுக்கிறது வேற. பறக்கும் ஊசின்னு நினைச்சா, ஊசிக்குள்ள கிருமி இருந்தாலே போதும்னு தோணும். எந்த ஊசி, அதுக்குள்ள வேற என்ன இருக்குன்னு கேட்கத் தோணாது.

18/ சரியான பூச்சி 1924 வாக்குல மாட்டிச்சு. கலா அசார் எந்த ஊர்ல இருக்கோ அங்கல்லாம் ஒரு வகை மணல் ஈயும் இருக்குன்னு ஜே. ஏ. சின்டன் கவனிச்சார். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூணு பேரும் அந்த ஈயை நோயாளிகளைக் கடிக்க விட்டுப் பார்த்தாங்க. ஒட்டுண்ணி அதுக்குள்ள அமோகமா வளர்ந்தது. பேர்: ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ்.

19/ மணல் ஈயைப் பார்த்திருக்க மாட்டீங்க. பார்த்தாலும் கொசுக்குஞ்சுன்னு விட்டிருப்பீங்க. ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், உடம்பு பூரா முடி, உட்காரும்போது இறக்கையை வி மாதிரி தூக்கி வெச்சுக்கும். சத்தம் கிடையாது. சாதாரணக் கொசுவலையோட ஓட்டையில புகுந்துடும். மண் சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டகையோட ஈர மண், இங்கதான் குடியிருப்பு. ரத்தம் குடிக்கிறது பெண் ஈ மட்டும்.

20/ அதோட வாய் கொசுவோடது மாதிரி மெல்லிய குழாய் இல்லை. ரம்பம் மாதிரி தோலை அறுத்து, நுண்ணிய குழாய்களைக் கிழிச்சு, அங்க தேங்குற ரத்தத்தைக் குடிக்கும். சின்னக் குளம் வெட்டித் தண்ணி குடிக்கிற மாதிரி. அந்தக் குளம் உறைஞ்சு போயிடக் கூடாதுன்னா எச்சில் நல்லா வேலை செய்யணும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

21/ சரி, ஈ கிடைச்சாச்சு, ஒட்டுண்ணி உள்ள இருக்கு. கடிக்க விட்டா நோய் வரணும்ல? வரலை! அசாம்ல கலா அசார் கமிஷன் வருஷக்கணக்கா முயற்சி பண்ணிச்சு. 1931-ல எச். ஈ. ஷார்ட் குழுவுக்கு ஒரே ஒரு ஹாம்ஸ்டர்ல கடி மூலமா நோய் வந்தது. அவ்வளவுதான். ஈ தான் காரணம்னு எல்லாருக்கும் தெரியுது, நிரூபிக்க மட்டும் முடியலை.

22/ முடிச்சை அவிழ்த்தது உலர் திராட்சை. ஆமா, பாயசத்துல போடுற அதே திராட்சை. ஆய்வகத்துல ஈக்களுக்கு மறுபடி மறுபடி ரத்தமே கொடுத்துட்டு இருந்தாங்க. ஸ்மித், ஹால்தர், அகமது மூணு பேரும் ஒரு வேளை ரத்தத்துக்கு அப்புறம் திராட்சை கொடுத்துப் பார்த்தாங்க. வெளியில ஈ பழச்சாறும் செடிச்சாறும் குடிச்சுத்தானே வாழுது! இனிப்பு கிடைச்சதும் ஈ நாள்கூட உயிரோட இருந்தது, உள்ள ஒட்டுண்ணி தொண்டையை அடைக்கிற அளவுக்குப் பெருகிச்சு.

23/ தொண்டை அடைபட்ட ஈயால ஒழுங்காக் குடிக்க முடியாது. கடிக்கும், உறிஞ்சும், வராது, உள்ள இருக்கிறதைக் கக்கும். மறுபடி கடிக்கும். ஒரே ராத்திரியில பல கடி. ஒட்டுண்ணி தானே ஒரு பசை மாதிரி பொருளைச் சுரந்து அந்த அடைப்பை உண்டாக்குது. அந்தப் பசையும் கடியோட சேர்ந்து உள்ள போய் நோயைத் தீவிரமாக்குதுன்னு 2004-ல எலிகள்ல நிரூபிச்சாங்க.

24/ 1942. சி. எஸ். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூணு பேரோட கட்டுரை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல வந்தது. திராட்சை கொடுத்து வளர்த்த, ஒட்டுண்ணி நிறைஞ்ச மணல் ஈக்களை ஐந்து தன்னார்வலர்களைக் கடிக்க விட்டாங்க. ஐந்து பேருக்கும் கலா அசார் வந்தது. டோனவன் அந்தப் பையனோட மண்ணீரலைப் பார்த்து 39 வருஷம் ஆகியிருந்தது.

25/ அதுக்குள்ள கல்கத்தாவுல உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடிச்ச யூரியா ஸ்டிபமைன் மருந்து புழக்கத்துக்கு வந்திருந்தது. இருந்தாலும் கொல்லக்கூடிய ஒரு நோயைத் தெரிஞ்சே வாங்கிக்கிறது சின்ன விஷயமா? இன்னைக்கு அப்படி ஒரு சோதனைன்னா நெறிமுறைக் குழு ஆயிரம் கேள்வி கேட்கும். கேட்கணும். 12 வயசுப் பையன் மாதிரியே இந்த ஐந்து பேரும் நமக்கு ஒரு எண்ணிக்கையாத்தான் தெரியுறாங்க.

26/ எந்தப் பூச்சிங்கிற கேள்வி முடிஞ்சது. ஆனா ஒரு புதிர் மிச்சம். இயற்கையில ஒரு ஈ கக்குற ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சில நூறுதான். ஆய்வகத்துல எலிக்கு நோய் வரவைக்க ஊசியில லட்சக்கணக்குல போட்டாங்க. பூச்சி மட்டும் எப்படி இவ்வளவு குறைச்சலா வெச்சுக்கிட்டு சாதிக்குது? அந்தக் கடியில ஊசியில இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கணும்.

27/ 1988-ல ரிச்சர்ட் டைட்டஸ், ஜோசே ரிபெய்ரோ ரெண்டு பேரும் அதைச் சோதிச்சாங்க. ரிபெய்ரோ ரத்தம் குடிக்கிற பூச்சிகளோட எச்சிலையே ஆராய்ச்சியா எடுத்துக்கிட்டவர். மணல் ஈயோட எச்சில் சுரப்பியை எடுத்து அரைச்சு, லீஷ்மேனியாவோட கலந்து எலிக்குப் போட்டாங்க. இன்னொரு குழு எலிக்கு ஒட்டுண்ணி மட்டும்.

28/ எச்சில் கலந்த எலிகளுக்கு வந்த புண் ஐந்துலேர்ந்து பத்து மடங்கு பெருசு. புண்ணுக்குள்ள ஒட்டுண்ணி சில சமயம் 5,000 மடங்கு அதிகம். அதைவிட முக்கியமானது ஒண்ணு: ரொம்பக் கொஞ்சமா ஒட்டுண்ணி போட்டப்போ, எச்சில் கலந்திருந்தாத்தான் அது அந்த இடத்துல பிழைச்சது. எச்சில் இல்லைன்னா தேடினாலும் கிடைக்கலை. "ஒரே கடி போதுமா டாக்டர்?"ங்கிற கேள்விக்கு இதுதான் பதில்.

29/ ராஸ் எச்சில் சுரப்பியைப் பார்த்தது 1898. இது 1988. தொண்ணூறு வருஷமா வழின்னு மட்டும் நினைச்சது, கூட்டாளின்னு தெரிஞ்சது. டோனவன் காலத்துல எச்சிலைப் பிரிச்சுப் பார்க்கிற கருவி இல்லைங்கிறது உண்மை. ஆனா கருவி வந்த பிறகும் யாரும் ரொம்ப நாள் கேட்கலைங்கிறதும் உண்மை. கேட்காததுக்குக் காரணம் அந்தப் பறக்கும் ஊசிப் படம்தான்.

30/ எச்சில்ல இருக்கிற மூலக்கூறு என்ன? டைட்டஸும் ரிபெய்ரோவும் எடுத்துக்கிட்டது தென் அமெரிக்க மணல் ஈ, லுட்சோமையா. அதுல இருக்கிற ஒரு சின்னப் புரதத்துக்கு மேக்ஸாடிலான்னு பேர். ரத்தக்குழாயை விரிக்கிறதுல மகா கெட்டிக்காரப் புரதம். ஈக்கு அது சாப்பாட்டுக்கு உதவுது. ஆனா அதுக்கு இன்னொரு குணமும் இருக்கு.

31/ நம்ம உடம்புல மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை அணு உண்டு. கிருமியை விழுங்கிக் கொல்றது அதோட வேலை. மேக்ஸாடிலான் அந்த அணுவோட கதவுல இருக்கிற ஒரு பூட்டுல சரியாப் பொருந்தி, "சண்டை வேண்டாம், அமைதியா இரு"ன்னு சொல்லிடுது. தாக்கச் சொல்ற சைகைகள் குறையும், அடங்கச் சொல்ற சைகைகள் கூடும். லீஷ்மேனியாவுக்கு இதைவிட என்ன வேணும்? அது குடியிருக்க விரும்புற வீடே மேக்ரோஃபேஜ்தான்.

32/ எல்லா மணல் ஈக்கும் ஒரே சரக்கு இல்லை. நம்ம பக்கத்து ஃபிளெபோடோமஸ் வகைகள்ல மேக்ஸாடிலான் கிடையாது. மத்திய ஆசியா, அரபு நாடுகள்ல இருக்கிற பாப்பாடாசிங்கிற ஈ அடினோசின்ங்கிற பொருளை எச்சில்ல வெச்சிருக்கு. நம்ம உடம்புலயே இருக்கிற பொருள்தான் அது. குழாயையும் விரிக்கும், எதிர்ப்பு அணுக்களையும் மட்டுப்படுத்தும். வேற வேற சாவி, திறக்கிற கதவு ஒண்ணு.

33/ 2008-ல இன்னொரு ஆச்சரியம். உயிரோட இருக்கிற எலியோட தோல்ல, மணல் ஈ கடிச்ச இடத்தை மைக்ரோஸ்கோப்ல நேரடியாப் பார்த்தாங்க. கடிச்ச கொஞ்ச நேரத்துல நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளை அணுக்கள் கூட்டமா ஓடிவந்து ஒட்டுண்ணியை விழுங்கிச்சு. நல்லதுதானேன்னு நினைப்போம். ஆனா விழுங்கப்பட்ட ஒட்டுண்ணி சாகலை. அந்த அணுவுக்குள்ள பதுங்கியிருந்து, அப்புறம் மேக்ரோஃபேஜுக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

34/ இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடச் சுவாரசியம் மட்டும்தானா? இல்லை. இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. லீஷ்மேனியாவைக் கொன்னு அதையே தடுப்பூசியாப் போட்டா எலிகளுக்கு நல்ல பாதுகாப்பு கிடைச்சது. ஈரான், சூடான் மாதிரி நாடுகள்ல மனுஷங்களுக்குப் போட்டுப் பார்த்தப்போ எதிர்பார்த்த பலன் இல்லை. ஏன்னு பல வருஷம் குழம்பினாங்க.

35/ 2009-ல வந்த ஒரு ஆய்வு கண்ணைத் திறந்துச்சு. தடுப்பூசி போட்ட எலிகளுக்கு ஊசி மூலமா ஒட்டுண்ணி கொடுத்தா தப்பிச்சுச்சு. அதே எலிகளை நோயுள்ள மணல் ஈ கடிச்சா தப்பிக்கலை! ஆக இத்தனை வருஷமா தடுப்பூசிக்குத் தேர்வு வெச்சதே தப்பான கேள்வித்தாள்ல. யாருக்கும் ஊரில ஊசி மூலமா கலா அசார் வர்றதில்லை. ஈ கடிச்சுத்தான் வருது, எச்சிலோட.

36/ இதுக்கு மறுபக்கம் ஒரு நம்பிக்கை இருக்கு. 2000-ல ஷாடென் கம்ஹாவி குழு கிருமி இல்லாத சுத்தமான மணல் ஈக்களை முதல்ல எலியைக் கடிக்க விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நோயுள்ள ஈ கடிச்சப்போ அந்த எலிகளுக்கு நல்ல பாதுகாப்பு இருந்துச்சு. எச்சிலை முன்னாடியே அடையாளம் தெரிஞ்சு வெச்ச உடம்பு, கடிச்ச இடத்தை ஒட்டுண்ணி வாழ முடியாத இடமா மாத்திடுச்சு.

37/ அதுலேர்ந்து ஒரு புது வழி பிறந்திருக்கு: கிருமிக்கு மட்டும் இல்லாம பூச்சியோட எச்சில் புரதத்துக்கும் சேர்த்துத் தடுப்பூசி. திருடனோட முகம் தெரியலைன்னாலும், அவன் வர்ற வண்டி நம்பர் தெரிஞ்சா பிடிக்கலாமே! ஆனா இன்னைக்கு வரைக்கும் கலா அசாருக்கு மனுஷங்களுக்கான தடுப்பூசி புழக்கத்துல இல்லை. "எச்சி தடுப்பூசி வந்துடுச்சாம்"னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பினா நம்பாதீங்க.

38/ இப்போ நூம்பலுக்குத் திரும்புவோம். முதல்ல பயம் வேண்டாம். நம்ம பகுதியில கலா அசார் இன்னைக்குப் பரவுற நோய் இல்லை. இந்தியாவுல அது முக்கியமா பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் நாலு மாநிலத்துல இருந்த நோய். அங்கயும் வெகுவாக் குறைஞ்சிருக்கு. 2023-ல வங்கதேசம், கலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாம ஒழிச்ச முதல் நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட அங்கீகாரம் வாங்கிச்சு.

39/ ஆனா அம்பத்தூர் தொழிற்பேட்டையிலயும், நம்ம பக்கம் எழும்புற ஒவ்வொரு அபார்ட்மென்ட்லயும் வேலை பார்க்கிற தம்பிகள் பலர் அந்த மாநிலங்கள்ல இருந்து வந்தவங்க. ஒருத்தருக்கு ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல், எடை குறையுது, இடது விலாவுக்குக் கீழே கனமா இருக்குன்னா, மலேரியா டைஃபாய்டு மட்டும் பார்த்துட்டு விடக் கூடாது. "எந்த ஊர் தம்பி?"ன்னு கேட்கணும். 1903-ல மலேரியான்னு எழுதி எத்தனை பேரை இழந்தோம்னு ஞாபகம் இருக்கட்டும்.

40/ ஆர்.கே.39னு ஒரு எளிய ரத்தப் பரிசோதனை இருக்கு, சில நிமிஷத்துல தெரியும். பெரும்பாலானவங்களுக்கு லைப்போசோமல் ஆம்போடெரிசின் மருந்து ஒரே வேளை ஊசியில போதும். தொட்டாலோ, கூடச் சாப்பிட்டாலோ, ஒரே ரூம்ல தங்கினாலோ இது ஒட்டாது. அதனால யாரையும் வீட்டை விட்டோ வேலையை விட்டோ துரத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

41/ எச்சில் கதை கொசுவுக்கும் பொருந்தும். டெங்கு வைரஸ், ஒட்டுண்ணி இல்லை. ஆனா மனித ரத்த அணுக்கள் பொருத்தின எலிகள்ல, ஊசி மூலம் கொடுத்ததைவிடக் கொசு கடிச்சுக் கொடுத்தப்போ ரத்தத்துல வைரஸ் அதிகமாவும் நீண்ட நாளும் இருந்துச்சு. அதனாலதான் "சும்மா ஒரு கொசுக்கடி"ன்னு எதையும் நான் சொல்றதில்லை.

42/ செய்ய வேண்டியது பழைய பாட்டுதான், ஆனா இப்போ காரணத்தோட. ஏடிஸ் பகல்ல கடிக்கும், அதனால மதியம் தூங்குற குழந்தைக்கும் வலை வேணும். மலேரியாவைப் பரப்புற சென்னைக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்ஸி, மொட்டைமாடி டேங்க்லயும் கிணத்துலயும் முட்டை போடும். மூடி இல்லாத டேங்க்குக்கு இந்த ஞாயித்துக்கிழமையே மூடி போடுங்க. வாரம் ஒரு தடவை ட்ரம், ஃபிரிட்ஜ் பின்னாடித் தட்டு, பூந்தொட்டித் தட்டு எல்லாத்தையும் கவிழ்த்துத் தேயுங்க.

43/ கடிச்ச இடத்துல எச்சில் தொட்டு வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. பாட்டி கோவிச்சுக்க வேண்டாம், ஆனா சோப்பு போட்டுக் கழுவுறது மேல். ஏற்கெனவே ஒரு எச்சில் உள்ள போயிருக்கு, இன்னொண்ணு எதுக்கு? நகத்தால சொறிஞ்சு புண்ணாக்காதீங்க. காய்ச்சல் மூணாவது நாளும் விடலைன்னா, இல்ல வயித்துவலி, வாந்தி, ரத்தக்கசிவு இருந்தா உடனே, டாக்டரைப் பாருங்க.

44/ அடுத்த தடவை பூந்தமல்லி நெடுஞ்சாலையில பஸ்ல ஜி.எச்.-ஐக் கடக்கும்போது ஒரு நிமிஷம் அந்தக் கட்டடத்தைப் பாருங்க. 1903 ஜூன்ல அங்க ஒரு பையன் படுத்திருந்தான். அவன் உடம்புக்குள்ள கிருமி எப்படிப் போச்சுன்னு முழுசாச் சொல்ல நமக்கு எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

45/ கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் ராத்திரி பதில் போடுறேன். உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க. முக்கியமா 39, 40 ரெண்டையும், வெளிமாநிலத் தொழிலாளர்கள் வேலை பார்க்கிற இடத்தோட மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் அனுப்புங்க.